ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர் எல்லாரும் திமிர் பிடித்தவர்களா?

கேள்வி: ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர் என்றாலே பணத்திமிர், யாருக்கும் வழிவிடாத குணம் என்று முடிவு கட்டிவிடுகிறார்களே, இதற்கு ஆதாரம் உண்டா?

பதில்: ஸ்போர்ட்ஸ் கார்க்காரரைப் பற்றிய பிம்பம் ஒன்றல்ல. வழிவிடாத திமிர்க்காரர், அப்பா காசில் பந்தா காட்டும் பையன், ஐம்பதைத் தொட்டதும் இளமையைத் தேடி இரண்டு இருக்கை கார் வாங்கும் ஆண் என்று மூன்று பேர் இதில் கலந்திருக்கிறார்கள். முதலாமவரைப் பற்றித்தான் ஆய்வுகள் அதிகம்.

அவற்றில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது, பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பால் பிஃப் குழுவினர் 2012இல் வெளியிட்டது. சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில், நான்கு பக்கமும் ‘நில்’ பலகை உள்ள ஒரு சந்திப்பில் அவர்கள் கார்களைக் கவனித்தார்கள். அங்கே முதலில் வந்து நின்றவர் முதலில் போக வேண்டும். காரின் நிறுவனம், வயது, தோற்றம் ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொரு காருக்கும் 1 முதல் 5 வரை தகுதி எண் கொடுத்தார்கள். உச்சத் தகுதி பெற்ற கார்களில் ஏறக்குறைய 30 சதவீதம் மற்றவர் முறையில் குறுக்கே புகுந்தன. பாதசாரிகள் கடக்கும் இடத்தில் நடந்த இன்னொரு சோதனையில், கடைசித் தகுதிக் கார்களில் ஒன்றுகூட விதியை மீறவில்லை. உச்சத் தகுதிக் கார்களில் கிட்டத்தட்டப் பாதி நிற்காமல் போயின. கவனிக்கப்பட்ட கார்கள் சில நூறுதான், தகுதி எண் போட்டதும் கண்ணால் பார்த்த மதிப்பீடுதான் என்பதால் இதைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் லாஸ் வேகஸில் 461 கார்களைக் கவனித்து 2020இல் வெளியான ஆய்வும் அதே திசையில் போகிறது. காரின் விலை ஆயிரம் டாலர் கூடக் கூட, பாதசாரிக்கு வழிவிடும் வாய்ப்பு சுமார் 3 சதவீதம் வீதம் குறைந்தது.

இந்த இரண்டு ஆய்வுகளும் அளந்தது காரின் தகுதியை அல்லது விலையை. அது ஸ்போர்ட்ஸ் காரா இல்லையா என்பதை அல்ல. விலை உயர்ந்த செடானும் பெரிய எஸ்யூவியும் இந்தக் கணக்கில் மேலே வந்துவிடும். 1989இல் அறிமுகமாகி, 2016க்குள் பத்து லட்சம் தயாரிக்கப்பட்ட மாஸ்டா எம்எக்ஸ்-5 அசலான ஸ்போர்ட்ஸ் கார்தான். ஆனால் பழைய எம்எக்ஸ்-5 ஒன்று அதே கணக்கில் கீழேதான் நிற்கும். திமிர் என்று மக்கள் சொல்வது இருக்குமானால், அது வண்டியின் வடிவத்தைவிடப் பணத்தோடு ஒட்டியது என்றுதான் இந்தத் தரவுகளிலிருந்து கொள்ள முடியும்.

பணத்தைத் தாண்டிக் குணமும் ஒரு காரணமா என்று ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் யான்-எரிக் லென்க்விஸ்ட் பார்த்தார். 2020இல் வெளியான அந்த ஆய்வில் ஃபின்லாந்தின் 1,892 கார் உரிமையாளர்களிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. பிடிவாதமும் வாக்குவாத குணமும் உள்ள, பிறர் மேல் இரக்கம் குறைந்த ஆண்கள் ஆடி, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் போன்றவற்றை வைத்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. ஒழுங்கும் பொறுப்பும் மிக்கவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், அதே கார்களை நாடுகிறார்கள் என்பது அதன் இரண்டாவது முடிவு. செய்தித்தாள்கள் முதல் பாதியைத்தான் தலைப்பாக்கின.

கேள்வி: பார்ப்பவர்களின் பொறாமையும் இதில் கலந்திருக்காதா?

பதில்: பொறாமையைவிடப் பயம் கலந்திருக்கிறது எனலாம். அமெரிக்க உளவியலாளர்கள் ஆந்தனி டூப், ஆலன் கிராஸ் இருவரும் 1968இல் வெளியிட்ட சோதனை இதற்குப் பெயர் பெற்றது. கலிஃபோர்னியாவில் பச்சை விளக்கு விழுந்த பிறகும் ஒரு காரை வேண்டுமென்றே நகர்த்தாமல் நிறுத்திவைத்தார்கள். பழைய, மலிவான கார் நின்றபோது பின்னால் இருந்தவர்களில் 84 சதவீதம் பேர் 12 விநாடிக்குள் ஹாரன் அடித்தார்கள்; புத்தம் புதிய கிரைஸ்லர் நின்றபோது 50 சதவீதம் பேர்தான். இதே நிலைமையை விவரித்து மாணவர்களிடம் கேட்டபோது, விலை உயர்ந்த காருக்குத்தான் சீக்கிரம் ஹாரன் அடிப்போம் என்று ஆண்கள் சொன்னார்கள். வாய் வீரம் வேறு, சாலையில் கை செய்வது வேறு.

எளிதில் நினைவுக்கு வருவதையே அடிக்கடி நடப்பதாக மனிதர் கணக்கிடுகிறார்கள் என்று உளவியலாளர்கள் டிவர்ஸ்கியும் கானமனும் 1973இல் விளக்கியதும் இங்கே பொருந்தும். சீறிப் பாயும் சத்தமும் பளிச்சென்ற நிறமும் உள்ள வண்டி குறுக்கே புகுந்தால் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் மறக்காது. சாம்பல் நிற ஹேட்ச்பேக் அதையே செய்தால் அடுத்த சிக்னலில் மறந்துபோகும். 2024 மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே மோதி இரண்டு ஐடி ஊழியர்கள் இறந்தார்கள். விபத்தைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு முதலில் ஜாமீன் கிடைத்ததும் நாடே கொதித்தது. அந்தக் கார் நான்கு கதவுள்ள மின்சார டைகான். ‘அப்பா காசுப் பையன்’ பிம்பத்துக்கு உயிரூட்ட போர்ஷே என்ற பெயரே போதுமானதாக இருந்தது.

கேள்வி: நடுவயது ஆண்கள் இளமையைக் காட்டிக்கொள்ளத்தான் இப்படிக் கார் வாங்குகிறார்களா?

பதில்: ‘நடுவயது நெருக்கடி’ என்ற கருத்தை 1965இல் முன்வைத்தவர் உளப்பகுப்பாய்வாளர் எலியட் ஜாக்ஸ். அவர் எழுதியது கலைஞர்களைப் பற்றி, மரண உணர்வைப் பற்றி. கார் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் எலைன் வெதிங்டன் நடத்திய ஆய்வில், அப்படியொரு நெருக்கடி தங்களுக்கு வந்ததாகச் சொன்னவர்கள் கால்வாசிப் பேர்தான். அதிலும் பலர் குறிப்பிட்டது மணமுறிவு, வேலை இழப்பு போன்ற, எந்த வயதிலும் வரக்கூடிய நிகழ்ச்சிகளை.

ஐம்பது வயதுக்காரர் வாங்குவதற்கு இதைவிடச் சாதாரணமான காரணங்கள் உண்டு. வீட்டுக் கடன் முடிந்திருக்கும், பிள்ளைகள் தனியே போயிருப்பார்கள், பின் இருக்கை தேவைப்படாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 25 வயதுக்குக் குறைந்த ஆணுக்கு வேகமான காரின் காப்பீட்டுக் கட்டணமே கட்டுப்படியாகாது; வயது கூடினால் அது இறங்கும்.

கவர்ச்சிக்காக வாங்குகிறார்கள் என்ற பேச்சு முழுக்கப் பொய்யல்ல. ஜில் சண்டி குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், போர்ஷே பாக்ஸ்டர் வாங்கிய ஆணையும் ஹோண்டா சிவிக் வாங்கிய ஆணையும் பெண்கள் மதிப்பிட்டார்கள். சில நாள் பழக போர்ஷேக்காரருக்கு மதிப்பெண் கூடியது. கல்யாணம் என்றதும் அந்தக் கூடுதல் மதிப்பெண் இல்லை. பகட்டாகச் செலவு செய்யத் தூண்டப்பட்டவர்களும் எல்லா ஆண்களும் அல்லர், குறுகிய கால உறவை நாடியவர்களே.