பாட வராதா? அப்படியானால் சேர்ந்து பாடுங்கள்!

வைத்தியம் பார்க்க வருகிறவர்களிடம் நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, பசி எப்படி, தூக்கம் எப்படி என்று எல்லாம் விசாரித்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். 'உங்க பொழுதுபோக்கு என்ன?'

பெரும்பாலும் கிடைக்கும் பதில்: 'அதுக்கெல்லாம் ஏது சார் நேரம்? ராத்திரி கொஞ்சம் டி.வி., கொஞ்சம் செல்போன். அவ்வளவுதான்.'

டி.வி. பார்ப்பது குற்றமில்லை. ஆனால் அது உட்கார்ந்த இடத்தில் நடக்கும் வேலை. கை சும்மா இருக்கிறது, வாய் சும்மா இருக்கிறது. மனசு மட்டும் யார் யாருடைய குடும்பச் சண்டைக்கோ பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருக்கிறது. நான் கேட்பது வேறு. நீங்களே செய்து, நீங்களே ரசித்து, நீங்களே சிரித்துக்கொள்கிற மாதிரி ஏதாவது உண்டா?

சின்னச் சின்ன சந்தோஷம்

வாசலில் 15 புள்ளி நேர்ப்புள்ளிக் கோலம் போடுகிற அம்மாவைக் கவனித்திருக்கிறீர்களா? கடைசி இழை சேராமல் போனால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். எந்தப் புள்ளியில் தப்பியது என்று கண் தேடும். அந்தப் பத்து நிமிஷம் பையனின் மார்க்கும் நினைவில் இருக்காது, வீட்டுக் கடன் தவணையும் நினைவில் இருக்காது.

மாடியில் தொட்டி வைத்திருப்பவர், கறிவேப்பிலைச் செடியில் நாலு கொழுந்து விட்டால் வீட்டையே கூப்பிட்டுக் காட்டுவார். தபால்தலை சேர்க்கிறவரிடம் 'இது எதுக்கு சார்?' என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் எழுந்திருக்க முடியாது! குரோஷா பின்னுகிற மாமியிடம் மூன்று வருஷமாக முடியாத பை ஒன்று கட்டாயம் இருக்கும். அதை முடிக்காமலிருப்பதிலேயே அவருக்கு ஒரு சுகம்.

இவை எல்லாமே நல்லவைதான். ஆனால் என்னை ஒன்றே ஒன்று சிபாரிசு பண்ணச் சொன்னால், சேர்ந்து பாடுவதைத்தான் சொல்வேன். காரணம் இருக்கிறது.

2015-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரியவர்களுக்கான வகுப்புகள் சிலவற்றை 7 மாதம் கவனித்தார்கள். சில வகுப்புகளில் பாட்டு, சிலவற்றில் கைவேலை, சிலவற்றில் கதை, கவிதை எழுதும் பயிற்சி. 7 மாத முடிவில் எல்லா வகுப்பிலுமே ஒருவரோடு ஒருவர் நெருங்கிவிட்டார்கள். ஆனால் பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்கள் முதல் மாதத்திலேயே நெருங்கிவிட்டார்கள்! முன்பின் தெரியாதவர்களைச் சீக்கிரம் சேர்த்து வைக்கும் வேலையைப் பாட்டு செய்கிறது. தனிமையில் வாடுகிறவர்களுக்கு இந்த விஷயம் ரொம்ப முக்கியம்.

மேல்நாட்டுச் சரக்கா?

கூட்டமாகப் பாடுவது ஏதோ மேல்நாட்டு வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்று நடும்போது ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்களே, அது என்ன? கும்மி என்ன? மார்கழி பஜனை என்ன? திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையன்று பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பாடுகிறார்கள். தேவாலயங்களில் பாடகர் குழு இருக்கிறது. 'பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கு இசையமைத்த எம்.பி.சீனிவாசன், 1970-களின் தொடக்கத்தில் சென்னையில் 'மெட்ராஸ் யூத் கொயர்' என்ற சேர்ந்திசைக் குழுவை அமைத்து, பாரதியார் பாடல்களைப் பல குரல்களில் பாட வைத்தார்.

ஆக, சரக்கு நம்முடையதுதான். நாம்தான் பரணில் போட்டுவிட்டோம்.

கோஷ்டியில் பார்க்கும் வேடிக்கை

எந்தக் கோஷ்டிக்குப் போனாலும் சில பேரைத் தவறாமல் பார்க்கலாம். அரை சுருதி தள்ளிப் பாடுகிறவர்தான் எல்லோரையும் விட உரக்கப் பாடுவார். பாட்டு ஆரம்பித்த பிறகுதான் ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் தேடுவார். அது நெற்றியிலேயே இருக்கும். இன்னொருவர் சுண்டல் விநியோகத்துக்குச் சரியாக ஐந்து நிமிஷம் முன்னால் வந்து, கடைசிப் பாட்டுக்குப் பலமாகத் தாளம் போடுவார்.

பல்லவி வரும்போது கூரை அதிரும். இரண்டாவது சரணத்தில் பாருங்கள், பாதிப் பேருக்கு வரி தெரியாது. 'ம்... ம்...' என்று முனகல்தான் கேட்கும். மறுபடியும் பல்லவி வந்ததும் எல்லோருக்கும் உயிர் வந்துவிடும்! மெதுவாக ஆரம்பித்த பஜனை போகப் போக எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி ஓடும். வேகத்தைக் கூட்டுவது யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஜால்ராக்காரரைக் கை காட்டுவார்கள். அவர் மிருதங்கக்காரரைக் காட்டுவார்.

ஆணும் பெண்ணும் சேர்ந்தால் சுருதிப் பஞ்சாயத்து வேறு. நாம் பேசும்போது குரல்நாண்கள் ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 120 முறையும், பெண்களுக்குச் சுமார் 200 முறையும் அதிர்கின்றன. அதனால் ஆண்களுக்கு 1 கட்டை வசதி, பெண்களுக்கு 5 கட்டை வசதி. சமாதானமாக 3 கட்டை என்று வைத்தால் மேல் ஸ்தாயியில் ஆண்களின் கழுத்து நரம்பு புடைக்கும், கீழ் ஸ்தாயியில் பெண்களின் குரல் காணாமல் போகும். மேல்நாட்டுக் கொயரில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலாகப் பிரித்து, அவரவர் எட்டும் உயரத்தில் பாட விட்டார்கள். நாம் பஜனையில் இரண்டு பிரிவாக்கி, ஒருவர் மாற்றி ஒருவர் பாடினாலே போதும்.

சரீரமும் சாரீரமும்

'சரீரம்' என்ற சொல்லின் முதல் எழுத்தோடு ஒரு கால் போட்டால் 'சாரீரம்'. சித்த மருத்துவத்தில் கால் என்றால் காற்று. உதானன் என்ற வாயுவுக்கு 'மேல்நோக்குங்கால்' என்று பெயர். உடம்போடு காற்று சேர்ந்தால் குரல் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நிமிஷத்துக்கு 15 மூச்சு, நாளுக்கு 21,600 மூச்சு என்பது சித்தர்கள் கணக்கு. பாடும்போது இந்தக் கணக்கு மாறுகிறது. சட்டென்று மூச்சை இழுத்து, ஒரு நீண்ட வரி முழுக்க நிதானமாக வெளியே விடுகிறோம். மூச்சு வெளியேறும்போது இதயம் சற்று நிதானிப்பது உடம்பின் இயல்பு. நீண்ட வெளிமூச்சு மனசின் படபடப்பைத் தணிக்கும். பிராணாயாமத்தில் கணக்குப் போட்டுச் செய்வதைப் பாட்டில் கணக்குத் தெரியாமலே செய்துவிடுகிறோம்.

2004-ல் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட்டில் ஒரு பாடகர் குழுவைச் சோதித்தார்கள். பாடிய பிறகு எச்சிலில் நோய் எதிர்ப்புப் பொருள் ஒன்று கூடியிருந்தது. அதே இசையைச் சும்மா கேட்ட நாளில் அப்படிக் கூடவில்லை. 2013-ல் ஸ்வீடனில் கோதன்பர்க் ஆராய்ச்சியாளர்கள், சேர்ந்து பாடும் மாணவர்களின் இதயத் துடிப்பை அளந்தார்கள். மூச்சு ஒன்றானபோது துடிப்பின் வேகமும் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கியது!

'அப்போ பாடினா சளியே பிடிக்காதா டாக்டர்?' என்று கேட்காதீர்கள். இவை சிறிய ஆய்வுகள். பாட்டு மருந்துக்குத் துணை, மருந்துக்கு மாற்று இல்லை.

மூச்சு வாங்கும் ரகசியம்

கொயர் பயிற்சியில் ஒரு முக்கியமான பாடம் உண்டு. நீண்ட ஸ்வரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சு வாங்கக் கூடாது. ஒருவர் நிறுத்தி மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பாடிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு இவர் சேர்ந்துகொள்வார், அவர் மூச்சு வாங்குவார். கேட்கிறவர் காதுக்குப் பாட்டு அறுபடவே அறுபடாது.

என்னிடம் ஒருவர் வந்தார். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறி எட்டு மாதம். தூக்கம் இல்லை, சாப்பாட்டில் பிடிப்பு இல்லை. பிள்ளைகள் வெளியூரில். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்டு வந்த மாத்திரையை அப்படியே தொடரச் சொல்லிவிட்டு, இரவில் பாலில் அமுக்கரா சூரணம் கொடுத்தேன். கூடவே, 'சனிக்கிழமை பஜனைக்குப் போங்க' என்றேன். 'எனக்குப் பாட வராதே' என்றார். 'பாட வேண்டாம், கை தட்டுங்க போதும்' என்றேன்.

நாலு வாரம் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். ஐந்தாவது வாரம், அவர் மனைவி சமையலறையில் முணுமுணுக்கும் பாட்டு வந்தது. அவரையும் அறியாமல் வாய் திறந்து பாட ஆரம்பித்துவிட்டார். இரண்டு வரிக்கு மேல் முடியவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. 'நான் நின்னுட்டேன் சார். ஆனா பாட்டு நிக்கலை. யாரும் திரும்பிப் பாக்கலை. அடுத்த சரணத்துல நானும் சேந்துக்கிட்டேன்' என்றார்.

தூக்கம் முதலில் சனிக்கிழமை ராத்திரிகளில் மட்டும் வந்தது. பிறகு மெல்ல மற்ற நாட்களிலும். சூரணமா, பஜனையா என்று தனித்தனியாகப் பிரிக்க எனக்கு முடியாது. அவசியமும் இல்லை.

எப்படி ஆரம்பிப்பது?

1. முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். மூன்று எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை 'ம்...' என்று ரீங்காரமாக விடுங்கள். ஐந்து முறை போதும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

2. நாலைந்து பேர் இருந்தால் கோஷ்டி தயார். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், நாளும் நேரமும் மாறக் கூடாது.

3. எல்லோருக்கும் தெரிந்த பாட்டில் தொடங்குங்கள். பாரதியார் பாட்டு, தேவாரம், கீர்த்தனை, நாகூர் ஹனிபா பாட்டு, பழைய சினிமாப் பாட்டு எதுவானாலும் சரி. மார்கழியில் ஆரம்பிப்பவர்களுக்குத் திருப்பாவை இருக்கிறது. நாளுக்கு ஒன்றாக 30 பாட்டு, பாடத்திட்டமே தயார்!

4. அடுத்தவர் குரலைப் பற்றி யாரும் விமர்சனம் செய்யக் கூடாது. குறிப்பாகக் கணவர்மார்கள்!

தொண்டைக்குக் கொஞ்சம் கவனிப்பு

பாட்டை விட நம் குரலைக் கெடுப்பது கத்தல்தான். மிக்ஸி ஓடும்போது அதற்கு மேல் கத்துவதும், கீழேயிருந்து மாடிக்குக் குரல் கொடுப்பதும் வேண்டாம். குரல் கட்டிக்கொண்டால் பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. கிசுகிசுவென்று பேசுவதும் குரல்நாணுக்குச் சிரமமே.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். சித்தரத்தைத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளலாம். இரவில் பாலில் மஞ்சள், மிளகுத் தூள், பனங்கற்கண்டு சேர்த்துக் குடிக்கலாம். சர்க்கரை நோயாளிகள் கற்கண்டை விட்டுவிடுங்கள். அதிமதுரம் தொண்டைக்கு இதமானதுதான். ஆனால் நிறைய நாள் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்க்க வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டவுடன் பாட உட்காராதீர்கள். குடலிறக்கம் உள்ளவர்களும், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பாடுங்கள்.

குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயம் குடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் உடனே காட்டுங்கள். புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்று. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 61 பேர் கலந்துகொண்ட ஒரு பாட்டுப் பயிற்சியில், ஒருவரிடமிருந்து கொரோனா பரவி மொத்தம் 53 பேர் நோயில் விழுந்தார்கள். இரண்டு பேர் இறந்தே போனார்கள். ஆகவே சளி, காய்ச்சல் இருந்தால் அந்த வாரம் வீட்டிலேயே இருங்கள். பாடும் அறையின் ஜன்னல்களை விரியத் திறந்து வையுங்கள்.

ஜன்னல் திறந்திருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியவருக்கும் பாட்டு கேட்கும். அடுத்த வாரம் அவருக்கும் ஒரு பாய் போட்டு வையுங்கள்.