திருத்தணியில் ஓர் இரவு

திருப்பதி போகிற வழியில் திருத்தணியை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறோம். காரை மலைமேலேயே ஏற்றி, வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு, விபூதி காய்வதற்குள் நகரி தாண்டிவிடுகிறோம். முருகனின் ஐந்தாம் படைவீட்டுக்கு இவ்வளவு குறைவான நேரம் கொடுப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. இந்த ஊரில் ஓர் இரவாவது தங்க வேண்டும். அதுவும் மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்கு நடந்தே போகிற தூரத்தில் உள்ள பழைய, சாதாரண லாட்ஜில். நான் பல வருடங்களாக அப்படித்தான் தங்குகிறேன், பெரும்பாலும் அம்மாவோடு.

பொய்கையைச் சுற்றி ஒரு காலத்தில் மடங்கள் நிறைய. மடம் கிராமம் என்றே அந்தப் பகுதியைச் சொல்வார்கள். யாத்திரை வந்தவர்கள் அங்கே படுத்து, விடியலில் குளத்தில் முழுகி, படி ஏறினார்கள். இன்றைய சின்ன லாட்ஜ்களும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு வாளி, ஒரு மக். இதில் குறைசொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அறையைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

முதலில் பார்க்க வேண்டியது மாடி. ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாட்டில் வெயில் அதிகம் பதிவான ஊர்களின் பட்டியலில் வேலூரோடு திருத்தணியும் இருக்கும். 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே அதிசயம் இல்லை. பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை ராத்திரியில்தான் கீழே விடும். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் மின்விசிறி போட்டால் அனல்தான் இறங்கும். ஒரு மே மாதம் மேனேஜரே சொன்னார்: “மேல வேணாம் சார், அம்மா வேற கூட இருக்காங்க. கீழ பின்பக்கம் ஒரு ரூம் இருக்கு, பாருங்க.” ஏசி இல்லாத அந்த அறையில் நன்றாகத் தூங்கினோம். உயரமான கூரை, தடித்த சுவர், எதிரெதிரே இரண்டு ஜன்னல் உள்ள பழைய கட்டடம் கிடைத்தால் விடாதீர்கள். பின்பக்க அறைக்கு இன்னொரு நன்மையும் உண்டு: சாலையில் போகிற பஸ்களின் ஹாரன் குறைவாகக் கேட்கும்.

அடுத்தது தண்ணீர். குழாயைத் திறந்து பாருங்கள். வெந்நீர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று கேளுங்கள். பல இடங்களில் விடியற்காலை மட்டும்தான், அதுவும் வாளியில் கொண்டுவந்து தருவார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கூட வந்தால் மேற்கத்திய கழிப்பறை இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது. போர்வை, துண்டு, சோப்பு, கொசுவத்தி எல்லாம் நம்முடையதாகவே இருக்கட்டும். தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். ஒரு சின்னப் பூட்டும் பையில் இருக்கட்டும். மலைமேல் குரங்குகள் உண்டு. தேங்காய், பழம் உள்ள பையைக் கையில் வெளிப்படையாகத் தொங்கவிட்டு நடக்காதீர்கள்.

அடையாள அட்டையின் அசல் கட்டாயம் கேட்பார்கள். கோயில் ஊர்களில் பல விடுதிகள் தனியாக வருகிறவருக்கு அறை தருவதில்லை. நானும் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறேன். தனியாகச் சாமி கும்பிட வருகிற ஒரு பெண்ணோ முதியவரோ இரவில் எங்கே போவார் என்று அப்போது மனம் கொதித்தது. இது மாற வேண்டிய வழக்கம். அதுவரை தனியாக வருகிறவர்கள் முதலிலேயே போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பல பழைய லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு நடைமுறையில் இருக்கிறது. மாலை நான்கு மணிக்குச் சாவி வாங்கினால் மறுநாள் நான்கு வரை அறை நம்முடையது. இரவு தங்கிக் காலையில் மலை ஏறுகிறவருக்கு இதைவிட வசதி இல்லை.

ஏனென்றால் படி ஏற வேண்டிய நேரம் விடியல்தான். மொத்தம் 365 படிகள், வருடத்தின் நாள்களுக்கு ஒன்றாக. வெயில் ஏறிவிட்டால் கருங்கல்லில் வெறுங்கால் வைக்க முடியாது. விடியலிலோ கல் குளிர்ந்திருக்கும், கூட்டமும் இருக்காது. இந்த மலையில்தான் முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையைப் பாடினார். முதியவர் ஒருவர் வந்து அவர் வாயில் கற்கண்டு இட்டு மறைந்தார் என்பது மரபு. சங்கீதம் அறிந்த அம்மா ஒவ்வொரு முறையும் ஒரு படியில் உட்கார்ந்து ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’வை முணுமுணுப்பார், மூச்சு வாங்கவும் அது உதவும். மேலே போனதும் சந்நிதிக்கு முன்னுள்ள ஐராவதத்தைப் பாருங்கள். மூலவரைப் பார்க்காமல் கிழக்கே பார்த்து நிற்கிறது. தெய்வயானையோடு சீர்வரிசையாக வந்த யானை, பிறந்த வீட்டின் திசையைப் பார்த்து நிற்பதாகக் கதை.

இவ்வளவும் சாதாரண நாள்களுக்கு. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகளோடு தமிழ்நாடும் சித்தூர்ப் பக்கமும் சேர்ந்து வந்து இறங்கும். மூன்று நாள் தெப்பம் வேறு. முன்கூட்டிச் சொல்லி வைக்காதவருக்கு அறை கிடைக்காது. டிசம்பர் 31 இரவும் அப்படியே. ஆங்கிலேயர் காலத்தில் புத்தாண்டு அன்று துரைகளைப் போய்ப் பார்த்து வாழ்த்துச் சொல்லும் வழக்கம் இருந்தது. முருகனைவிடப் பெரிய துரை யார் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கியது படித் திருவிழா. படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடி ஏறுகிறார்கள். அந்த இரவுக்கு மட்டும் அறையின் தரத்தைப் பார்க்காதீர்கள், எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாள்களிலும் கவனம் வேண்டும். மலையில் கல்யாணம் செய்ய வருகிறவர்கள் லாட்ஜையே மொத்தமாக எடுத்துவிடுவார்கள். பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு நாள் குறியுங்கள்.

மாலையில் அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டாம். லாட்ஜ் வாசலில் ஒரு நாற்காலி கேட்டால் தருவார்கள். மேனேஜர் ஒருவரிடம் தமிழும் அடுத்தவரிடம் தெலுங்கும் பேசுவதை அங்கே உட்கார்ந்து கேட்கலாம். 1960 ஏப்ரல் வரை இந்த ஊர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடியதால் தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லை மாறினாலும் கடைவீதியில் இரண்டு மொழியும் இன்றுவரை சம்பந்திகளாகவே புழங்குகின்றன. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது இதுதான்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு மின்சார ரயில் உண்டு. அரக்கோணம் தாண்டிச் சற்று நேரத்தில் திருத்தணி. நிலையத்திலிருந்து பொய்கைக்கு ஆட்டோ. ஞாயிறு மாலை திரும்பினால் நின்றுகொண்டே போக வேண்டியிருக்கும். முடிந்தால் ஞாயிறு இரவும் தங்கிவிடுங்கள். திங்கள் காலை வேலைக்குப் போகிறவர்களின் கூட்டம் வடிந்த பிறகு ஏறினால் அம்மாவுக்கு ஜன்னலோரம் கிடைக்கும்.