மைதான ஓரத்தில் நிற்கும் பெற்றோருக்கு – உதைபந்தாட்டத்தின் அடிப்படை விதிகள்



எமது ஆலயத்திற்கு வரும் பிள்ளைகளில் பலர் சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை, ஞாயிறு காலை உதைபந்தாட்டம் என்று இங்கிலாந்தில் வளர்ந்து வருகிறார்கள். குளிரிலும் மழையிலும் அவர்களைக் கூட்டிச்சென்று மைதான ஓரத்தில் நிற்பவர்கள் நாம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பது எம்மில் பலருக்கு முழுமையாகத் தெரிவதில்லை.

ஒரு ஞாயிறு நாம் நேரில் கண்டதைச் சொல்கிறோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவன் விளையாடிக்கொண்டிருந்தான். தந்தையார் வெளியிலிருந்து, "முன்னுக்குப் போ, கோலுக்குப் பக்கத்திலே நில்!" என்று தமிழில் சத்தமிட்டார். பிள்ளையும் சொல் கேட்டுப் போய் நின்றான். பந்து வந்தது, அடித்தான், கோலுக்குள் போனது. மத்தியஸ்தர் விசில் ஊதி அது செல்லாது என்றார். தந்தையார் மத்தியஸ்தரோடு வாதாடினார். பிறகு காரில் வரும்போது பிள்ளையையும் ஏசினார். அடுத்த கிழமை அந்தப் பிள்ளை, "அப்பா, நீங்கள் காருக்குள்ளேயே இருங்கோ" என்று கேட்டானாம். அந்தத் தந்தையாரே பின்னர் எம்மிடம் வந்து, "எனக்கு இந்த விதிகளை யாராவது தமிழில் எழுதித் தந்தால் நல்லது" என்றார். அதன் விளைவே இப்பாடம்.

1. விதிகள் எங்கிருந்து வந்தன?

1863ஆம் ஆண்டு லண்டனில் கூடிய கழகங்கள் இவ்விளையாட்டிற்குப் பொது விதிகளை எழுதின. இன்று உலகம் முழுவதற்கும் 17 விதிகளே உள்ளன. உலகக்கிண்ணப் போட்டிக்கும் எமது பிள்ளைகளின் போட்டிக்கும் அடிப்படை ஒன்றே. வயதுக்கேற்ப மைதானத்தின் அளவும், ஆட்களின் தொகையும், நேரமும் குறையும்.

2. மைதானமும் அணியும்

பெரியோர் ஆட்டத்தில் அணிக்கு 11 பேர். அவர்களில் ஒருவர் கோல் காப்பாளர். நேரம் 45 நிமிடமாக இரண்டு பாதிகள், நடுவில் 15 நிமிடத்துக்கு மேற்படாத இடைவேளை. கோல் கம்பங்களின் இடைவெளி 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர். கோலுக்கு முன்னால் 16.5 மீற்றர் வரை உள்ள பெரிய பெட்டியே பெனால்டிப் பகுதி. தன் அணியின் பெனால்டிப் பகுதிக்குள் மட்டுமே கோல் காப்பாளர் பந்தைக் கையால் தொடலாம்.

3. கோல் எப்போது கோல்?

பந்து முழுவதும் கோட்டைத் தாண்ட வேண்டும். பந்தின் ஒரு சிறு பகுதி கோட்டுக்கு மேலே இருந்தாலும் அது கோல் அல்ல. பக்கக் கோட்டுக்கும் இதே கணக்குத்தான். "பந்து வெளியே போய்விட்டது" என்று நாம் கத்தும்போது அது பெரும்பாலும் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

4. பந்து வெளியே போனால்

த்ரோ இன்: பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால், கடைசியாகத் தொட்டவருடைய எதிரணி கையால் எறிந்து தொடங்கும். இரண்டு கைகளாலும், தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக எறிய வேண்டும். இரு பாதங்களும் நிலத்தில் பட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் அதிகம் பிழைவிடும் இடம் இது. வீட்டு முற்றத்திலேயே பழக்கலாம்.

கோர்னர்: தற்காக்கும் அணியினர் தொட்டு, பந்து அவர்களுடைய கோல் கோட்டைத் தாண்டினால் எதிரணிக்கு மூலையிலிருந்து உதை.

கோல் கிக்: தாக்கும் அணியினர் தொட்டு அதே கோட்டைத் தாண்டினால் கோலுக்கு முன்னாலிருந்து தற்காக்கும் அணிக்கு உதை.

5. ஒப்சைட்

எல்லோரையும் குழப்புவது இதுதான். நிதானமாகப் பார்ப்போம்.

பந்து வருமுன்பே எதிரணியின் கோல் வாசலில் போய்க் காத்து நிற்பதைத் தடுப்பதே இவ்விதியின் நோக்கம். பூசை முடியுமுன்பே மடைப்பள்ளி வாசலில் பிரசாதத்துக்கு நிற்பது போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்!

தன் அணியினர் ஒருவர் பந்தை உதைக்கும் அந்தக் கணத்தில் மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும்.

(அ) வீரர் எதிரணியின் பாதி மைதானத்தில் நிற்கிறாரா?
(ஆ) பந்தைவிட முன்னால் நிற்கிறாரா?
(இ) எதிரணியின் கடைசிக்கு முந்திய ஆளைவிடவும் முன்னால் நிற்கிறாரா? (பெரும்பாலும் கோல் காப்பாளரே கடைசி ஆள் என்பதால், அவரை விட்டு மற்றவர்களில் கடைசி ஆளைப் பார்த்தால் போதும்.)

மூன்றுக்கும் "ஆம்" என்றால் அவர் ஒப்சைட் நிலையில் இருக்கிறார். அந்த ஆளோடு ஒரே நேராக நின்றால் குற்றமில்லை. இது 1990இல் வந்த திருத்தம். அந்த நிலையில் சும்மா நிற்பதும் குற்றமல்ல. பந்தை விளையாடினாலோ எதிராளிக்கு இடைஞ்சல் செய்தாலோதான் குற்றம். த்ரோ இன், கோர்னர், கோல் கிக் ஆகியவற்றிலிருந்து நேரே வரும் பந்துக்கு ஒப்சைட் இல்லை. மிகச் சிறிய பிள்ளைகளின் ஐவர், எழுவர் ஆட்டங்களில் பொதுவாக இவ்விதி பார்க்கப்படுவதில்லை.

மேலே சொன்ன பிள்ளை ஏன் பிழைபட்டான் என்பது இப்போது விளங்கும். தகப்பன் சொல்லைக் கேட்டதால்தான்.

6. பௌலும் உதைகளும்

எதிராளியை உதைத்தல், தட்டி விழுத்தல், தள்ளுதல், பிடித்து இழுத்தல், பந்தை வேண்டுமென்று கையால் தொடுதல் போன்றவற்றுக்கு நேரடி ஃப்ரீ கிக். அதிலிருந்து நேராகக் கோல் அடிக்கலாம். ஒப்சைட், எவரிலும் படாத ஆனால் ஆபத்தான ஆட்டம் போன்றவற்றுக்கு மறைமுக ஃப்ரீ கிக். அதில் வேறொருவர் பந்தைத் தொட்ட பின்பே கோல் செல்லும். மத்தியஸ்தர் ஒரு கையை உயர்த்திக்கொண்டு நின்றால் அது மறைமுகம்.

நேரடி ஃப்ரீ கிக்குக்குரிய தவறைத் தற்காக்கும் வீரர் தன் பெனால்டிப் பகுதிக்குள் செய்தால் அது பெனால்டி. 11 மீற்றர் தூரத்திலிருந்து, கோல் காப்பாளரை மட்டும் எதிர்கொண்டு உதைக்கலாம்.

பந்து கையில் பட்டால் எல்லாமே குற்றம் அல்ல. கை இயல்பாக உடலோடு இருக்கும்போது தற்செயலாகப் பட்டால் ஆட்டம் தொடரும். தோளில் படுவதும் குற்றமில்லை.

சிலவேளை தெளிவான பௌலுக்கும் மத்தியஸ்தர் விசில் ஊதாமல் இரு கைகளையும் முன்னே நீட்டி "விளையாடுங்கள்" என்பார். பாதிக்கப்பட்ட அணிக்கே தொடர்வது இலாபம் என்று அவர் கருதுகிறார். அவர் பார்க்கவில்லை என்று எண்ண வேண்டாம்.

7. மஞ்சளும் சிவப்பும்

மஞ்சள் அட்டை எச்சரிக்கை. இரண்டாவது மஞ்சளோ, நேரடிச் சிவப்போ கிடைத்தால் வெளியேற வேண்டும். பதிலாக வேறொருவர் இறங்க முடியாது. கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய மத்தியஸ்தர் வீதிச் சமிக்ஞை விளக்கைக் கண்டு எண்ணிய யோசனை இது. 1970ஆம் ஆண்டு மெக்சிக்கோ உலகக்கிண்ணத்தில் முதன்முதலாகப் பயன்பட்டது.

இங்கிலாந்தின் உள்ளூர்ப் போட்டிகளில், மத்தியஸ்தரோடு வாதாடி மஞ்சள் அட்டை பெறுபவர் சிறிது நேரம் வெளியே இருக்க வேண்டும் என்ற விதியும் 2019 முதல் உண்டு. பெரியவர்கள் வெளியிலிருந்து வாதாடினால் பிள்ளையும் உள்ளே அதையே பழகும். மத்தியஸ்தர் பதினான்கு வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

8. எமது குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

சங்கிலி, தோடு, மோதிரம், காப்பு எதுவும் அணிந்து விளையாட முடியாது. தோட்டின்மேல் பிளாஸ்டர் ஒட்டி மறைப்பதும் விதிப்படி அனுமதி இல்லை. எனவே காதுகுத்துச் சடங்கை விளையாட்டுப் பருவம் முடிந்தபின் வைப்பது நல்லது. கையில் கட்டிய காப்பு நூல் பற்றிப் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முழங்காலுக்குக் கீழே அணியும் காப்புத் தகடு கட்டாயம்.

2024 முதல் இங்கிலாந்தில் சிறுவயதுப் பிரிவுகளின் போட்டிகளில் பந்தைத் தலையால் அடிப்பது படிப்படியாக நிறுத்தப்பட்டு வருகிறது. "தலையால் அடி" என்று ஊர் ஞாபகத்தில் சொல்லிவிட வேண்டாம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். எங்கே நிற்பது, யாருக்குப் பந்தைக் கொடுப்பது என்பதைப் பயிற்சியாளர் சொல்லட்டும். நாம் கைதட்டுவோம். வீட்டுக்கு வரும் வழியில் "ஏன் விட்டாய்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "அந்த ஒப்சைட் எப்படி வந்தது? எனக்கும் சொல்லித் தா" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை வாய் திறந்து பேசும். அதையும் தமிழிலேயே பேசட்டும்.

அந்தத் தந்தையார் இப்போது மீண்டும் மைதான ஓரத்தில் நிற்கிறார். சென்ற மாதம் கழகத்தார் அவர் கையிலேயே பக்கக் கோட்டுக் கொடியைக் கொடுத்தார்கள்.

எல்லாம் வல்ல இறைவன் எமது பிள்ளைகளுக்கு நல்ல உடல்நலமும் நல்ல பண்பும் அருள்வானாக.