எம்பார்க்: கப்பலேறிய ஒரு சொல்

பால்மரம் சீவிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 'பார்க்' என்றால் மரப்பட்டை. அதை விட்டால் நாய் குரைப்பது. ஆகவே பாடநூலில் 'எம்பார்க்' என்னும் வினைச்சொல்லைக் கண்டதும் திகைத்து நிற்பார்கள். இதிலுள்ள 'பார்க்' இரண்டுமன்று. அது பாய்மரக் கப்பலைக் குறிக்கும் பழஞ்சொல். பிரெஞ்சு மொழி வழியே ஆங்கிலத்திற்கு வந்தது. எம்பார்க் என்றால் கப்பலேறு, அவ்வளவே.

மலாக்காத் தோட்டத் தமிழருக்கு இதை விளக்க அகராதி வேண்டியதில்லை. 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். தோட்டங்கள் பெருகின. ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் ஆள் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். பினாங்குக்கு வந்தவர்களில் பலர் ஜெரெஜாக் தீவின் தொற்றுநோய் முகாமில் கிடந்த பிறகே தோட்டத்தைக் கண்டார்கள். 1938-இல் இந்திய அரசு கூலியாள் அனுப்புவதைத் தடை செய்தது. ஆயினும் ரஜூலா கப்பலும், அதன்பின் சிதம்பரம் கப்பலும் நம்மவரை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தன. 1985-இல் சிதம்பரம் தீப்பற்றியதோடு அந்தக் காலம் முடிந்தது.

இனி இலக்கணம். ஏறிய துறைக்கு 'அட்', போகும் ஊருக்கு 'ஃபார்': 'ஹி எம்பார்க்ட் அட் நாகப்பட்டினம் ஃபார் பினாங்'. புதிய முயற்சிக்கு 'ஆன்' அல்லது 'அப்பான்'. மாணவர்கள் இந்த 'ஆனை' விழுங்கிவிட்டு 'எம்பார்க் எ ப்ராஜெக்ட்' என்று எழுதுகிறார்கள், அது பிழை. சில்லறைக் காரியத்துக்கும் இச்சொல் ஆகாது. கடைக்குப் போய் ரொட்டி வாங்க எவரும் 'எம்பார்க்' செய்வதில்லை. மருத்துவப் படிப்பைத் தொடங்கும் பெண் செய்வாள். நெடுநாள் பிடிப்பது, முடிவு முன்கூட்டித் தெரியாதது, அத்தகைய காரியத்துக்கே இது பொருந்தும்.

ஆங்கிலேயனுக்குக் கப்பலேறுவது முயற்சியின் தொடக்கமாயிற்று. நாமோ 'மானம் கப்பலேறிவிட்டது' என்கிறோம். போனது திரும்பாது என்று பொருள். நாகப்பட்டினத்தில் ஏறியவர்களை நினைத்தால் எனக்கு இது வியப்பாகப் படவில்லை.

எதிர்ச்சொல் 'டிஸ்எம்பார்க்'. கப்பல், விமானம் போன்ற ஊர்திகளிலிருந்து இறங்குவதற்கே அது உரியது. தமிழில் கரையேறுதலுக்கு அந்த எல்லை இல்லை: கடனிலிருந்து கரையேறுகிறோம், பெண்ணைக் கரையேற்றுகிறோம். மொழிபெயர்ப்பில் 'கடனிலிருந்து கரையேறினார்' என்று வந்தால் 'டிஸ்எம்பார்க்' போட வேண்டாம், மதிப்பெண் போய்விடும். 'காட் அவுட் ஆஃப் டெட்' என்று எழுதச் சொல்லுங்கள்.