ஊர்ப்படமும் அதன் வெற்றிடமும்

நெசவாளர் எவர்க்கும் படம் படிப்பது புதிய வித்தையன்று. கரைக்கும் முந்திக்கும் உரிய பூவேலையைக் கட்டத்தாளில் எழுதி, கட்டத்திற்கு இத்தனை இழை எனக் கணக்கிட்டு, அதனைத் தறியில் ஏற்றுகிறோம். அத்தாளில் நிறமிட்ட கட்டத்திற்கு எவ்வளவு பொருள் உண்டோ, நிறமிடாது விட்ட கட்டத்திற்கும் அவ்வளவு பொருள் உண்டு. ஆயினும் அதே நாம் ஓர் ஊர்ப்படத்தைக் கையில் எடுத்தால், நம் கண் புள்ளியிட்ட இடங்களை நோக்கியே ஓடுகிறது; வெள்ளையாய்க் கிடக்கும் இடத்தை எவரும் விசாரிப்பதில்லை. அவ்வாறு விசாரித்த மருத்துவர் ஒருவரின் வேலையை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1854ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் லண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் வாந்திபேதி மூண்டது. பிராட் தெருவைச் சூழ்ந்த சில தெருக்களில் மட்டும் பத்தே நாட்களில் ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். நோய்க்கிருமியைப் பற்றி மருத்துவ உலகம் அப்போது அறியாது. துர்நாற்றமுள்ள காற்றே நோயைப் பரப்புகிறது என்பது பெரும்பாலோர் கொள்கை. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவரோ, நோய் குடிநீர் வழியாகவே வருகிறதெனக் கருதினார். பிராட் தெருவில் பொதுக் கிணறு ஒன்று இருந்தது. அதன் மேல் கைப்பம்பு. அதன்மீதே அவருக்கு ஐயம் எழுந்தது.

முதல் மூன்று நாட்களில் பதிவான 83 மரணங்களை அவர் எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ எல்லாம் அப்பம்பின் அருகிலேயே நிகழ்ந்திருந்தன. பத்து மரணங்கள் மட்டும் வேறொரு பம்புக்குத் தெளிவாக அண்மையிலுள்ள வீடுகளில் நேர்ந்தன. அப்பத்தைக் கழித்துவிட்டு மேலே செல்வது எளிது. அவர் அவ்வாறு செய்யவில்லை. அவ்வீடுகளின் கதவைத் தட்டினார். ஐந்து வீட்டார், தாங்கள் பிராட் தெருத் தண்ணீரையே விரும்பி எடுத்து வருவதாகக் கூறினர். வேறு மூவர் அந்தப் பம்பின் அருகேயுள்ள பள்ளிக்குச் சென்றுவந்த குழந்தைகள். செப்டம்பர் 7ஆம் தேதி மாலை அப்பேட்டையின் சபையாரிடம் தம் ஆதாரங்களை எடுத்துரைத்தார். மறுநாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. ஆனால் அதற்கு முன்னரே நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதையும், புகழ்பெற்ற அவரது படம் கைப்பிடி கழன்ற பின்னரே வரையப்பட்டது என்பதையும் நாம் நேர்மையாகக் கூறவேண்டும். படம் அவருக்கு உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை. கண்டதைப் பிறர் நம்பும்படி காட்டவே அது உதவிற்று.

1855இல் வெளியான அப்படத்தில் ஒவ்வொரு மரணத்திற்கும் ஒரு சிறு கறுப்புக் கட்டை. ஒரே வீட்டில் பலர் இறந்திருந்தால் கட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். பம்புகளும் குறிக்கப்பட்டன. படிப்பவர் கண் தானாகவே பிராட் தெருவுக்குச் செல்லும். ஆனால் அதே தெருவிலும் அதனை அடுத்தும் வெள்ளையாய் நின்ற இரண்டு இடங்களே நமக்கு முக்கியமானவை.

ஒன்று, பிராட் தெருவிலேயே இருந்த பீர் தயாரிக்கும் ஆலை. எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர், ஒருவரும் இறக்கவில்லை. காற்றுதான் காரணமெனில் அவர்கள் மட்டும் வேறு காற்றையா சுவாசித்தனர்? ஸ்நோ நேரில் சென்று கேட்டார். அவர்களுக்கு நாள்தோறும் பீர் அளிக்கப்பட்டது. ஆலைக்குள் தனிக் கிணறும் இருந்தது. பொதுப் பம்பின் நீரை அவர்கள் நாடவேயில்லை. மற்றொன்று, அருகிலிருந்த ஏழையர் விடுதி. சுற்றிலும் சாவு, உள்ளே 535 பேரில் ஐவர் மட்டுமே இறந்தனர். அங்கும் சொந்தக் கிணறு. ஐந்து என்னும் எண் எவ்வளவு சிறிது என்பது 535 என்பதை அறிந்தால்தான் விளங்கும். அதனைப் படத்திலுள்ள கட்டைகள் சொல்லமாட்டா. இதற்கு நேர்மாறாக, வாந்திபேதியே தலைகாட்டாத ஹாம்ஸ்டெட்டில் ஒரு விதவை மூதாட்டி இறந்தார். பிராட் தெரு நீரின் சுவையை விரும்பி, அதனை நாள்தோறும் வண்டியில் தருவித்துக் குடித்தவர் அவர்.

இதே மரணங்களை வேறு அதிகாரிகளும் படமாக வரைந்தனர். சாக்கடைத் துறையின் பொறியாளர் வரைந்த படத்தில் சாக்கடைகளும் பழைய இடுகாடும் இருந்தன. அவர் தேடியது அவற்றை. சுகாதார வாரியத்தின் படம் ஸ்நோவின் படத்தைக் காட்டிலும் நுட்பமானது. இருந்தும் அவ்வாரியத்தார் தண்ணீரைக் குற்றமற்றதென்றே தள்ளினர். அழகும் நுட்பமும் மட்டும் படத்தை மெய்யாக்கிவிடா. பின்னர் ஸ்நோ தம் படத்தைத் திருத்தி ஒரு கோடு சேர்த்தார். எந்த இடத்திலிருந்து நடந்தால் பிராட் தெருப் பம்பும் வேறொரு பம்பும் சம தூரமோ, அவ்விடங்களை இணைத்த கோடு அது. நேர்கோட்டுத் தூரமன்று, தெருவழியே குடத்துடன் நடக்கும் தூரம். தண்ணீர் சுமந்தவர்க்கே இதன் அருமை தெரியும்!

இனி நம் வேலைக்கு வருவோம். சாயத் தொழிலும் பயிர்த் தொழிலும் ஒரே ஆற்றுப் படுகையில் இருக்குமிடத்துக் கிணற்று நீரைப் பற்றிய வழக்கு எழாமல் இராது. நொய்யல் படுகையில் இது நீதிமன்றம் வரை சென்றதும், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதும் அங்கத்தினர் அறிந்தவை. அத்தகைய தகராறில் இரு சாராரும் ஒரே மேஜையில் அமர்ந்து பார்க்கத்தக்க கிணற்றுப் படம் ஒன்று இருக்குமாயின், பேச்சு வார்த்தை பாதி எளிதாகும். அதனைச் சங்கமே வரையலாம். கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள கிராம வரைபடத்தை ஆதாரமாக வைத்து, சர்வே எண்வாரியாகக் கிணறுகளைக் குறிக்கவேண்டும். பட்டறைகள், ஓடை, நிலத்தின் சரிவு ஆகியவையும் வேண்டும். அவையின்றிக் கிணறுகளை மட்டும் இடுவது, பம்பு இல்லாமல் மரணத்தை மட்டும் இடுவது போலாகும். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஆழமும் எழுதப்படவேண்டும். ஆழ்துளைக் கிணற்றையும் திறந்த கிணற்றையும் ஒன்றாக எண்ணினால் குழப்பமே மிஞ்சும்.

நீரில் கரைந்துள்ள உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளப்பர். டி.டி.எஸ். என்று ஊரில் வழங்குவது இதுவே. இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு 500 என்றும், வேறு நீர் கிட்டாத இடத்தில் 2000 வரை என்றும் எல்லை வகுத்துள்ளது. இங்கேதான் நிறம் தீட்டுபவர் கையில் பெரும் பொறுப்பு விழுகிறது. 2000க்குக் கீழெல்லாம் பச்சை, மேலெல்லாம் சிவப்பு என்று அவர் தீட்டினால், 400 உள்ள கிணறும் 1900 உள்ள கிணறும் ஒரே பச்சையாகும். 1900, 2100 ஆகிய இரண்டும் பகையாளிகள் போல் தோன்றும். எண்களில் பொய்யில்லை, படம் பொய் சொல்லிவிட்டது. பட்டறைக்காரர் ஓரிடத்திலும் விவசாயி வேறோரிடத்திலும் எல்லை வைக்க விரும்புவர். ஆகவே எல்லைகளை அளவெடுக்கும் முன்னரே இரு சாராரும் கூடி முடிவு செய்து எழுதிவிடுதல் நலம்.

நிறத்தைப் பொறுத்தவரை சாயக்காரரிடம் கேட்பதே மேல். ஒரே நீலத்தின் வெளிறிய சாயல் முதல் கருநீலம் வரை நான்கு படி போதும். உப்பு மிகுந்தால் நிறமும் கனக்கும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையோர் ஆடவரில் பலர் உண்டு. தவிர, அவ்விரண்டும் ஜெராக்ஸ் பிரதியில் ஒரே சாம்பல் நிறமாய்விடும்.

இறுதியாக வெற்றிடம். ஒரு கிணறு படத்தில் நிறமின்றி இருந்தால் அதற்குப் பொருள் என்ன? நீர் நன்றாக இருக்கிறதா, கிணறு வற்றிவிட்டதா, அளக்கவே இல்லையா, அளக்கச் சென்றவர்களைச் சொந்தக்காரர் விடவில்லையா? நான்கும் நான்கு செய்திகள். நல்ல நீருக்கு வெளிறிய நீலம், வற்றியதற்கு வெறும் வளையம், அளக்காததற்கு பெருக்கற்குறி, அனுமதி கிட்டாததற்குக் கேள்விக்குறி எனத் தனித்தனி அடையாளம் இட்டு, அவற்றின் விளக்கத்தைப் படத்தின் ஓரத்திலேயே தமிழில் எழுதவேண்டும். பெருக்கற்குறிகள் ஒரே பக்கத்தில் குவிந்திருந்தால், படத்தைச் சபையில் வைக்கும் முன்னர் அளவெடுப்போர் மீண்டும் அந்தப் பக்கம் செல்லவேண்டும். அளந்த தேதியும் ஓரத்தில் இருக்கட்டும். கோடையில் எடுத்த அளவையும் ஐப்பசி மழைக்குப்பின் எடுத்த அளவையும் ஒரே தாளில் கலக்கலாகாது. அவற்றிற்கு இரண்டு தாள்கள் வேண்டும்.