ஊர் சுற்றிக்கொண்டே உத்தியோகம் – முடியுமா?



டிப்ளமோ முடித்ததும் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால், நம் வகுப்பில் பாதிப் பேர் "வேலைக்குப் போகணும்" என்கிறார்கள். மீதிப் பேர் "ஊர் சுற்றணும்" என்கிறார்கள். இப்போது மூன்றாவதாக ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. "லேப்டாப் ஒன்று போதும்டா! இந்த மாதம் ஏலகிரி, அடுத்த மாதம் ஜவ்வாது மலை, அதற்கடுத்து மூணாறு. வேலையும் நடக்கும், ஊரும் பார்க்கலாம்" என்பது அவர்கள் கட்சி. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்த ஆசை நிறைவேறக் கூடியதுதான். ஆனால் அதற்கு முன் போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் போடத் தெரிந்தவர்கள் எலக்ட்ரிக்கலும் எலக்ட்ரானிக்ஸும் படிக்கும் நாம்தான். நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஜவ்வாது மலையைப் பாடமாக வைத்து அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

எப்போது தொடங்கியது?

வேலைக்காரனை வேலை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக, வேலையை அவன் இருக்கும் இடத்துக்குக் கம்பி வழியே அனுப்பினால் என்ன? அமெரிக்காவில் ஜாக் நில்லஸ் என்ற பொறியாளர் 1973-ல் இந்தக் கேள்வியை எழுப்பி, 'டெலிகம்யூட்டிங்' என்று அதற்குப் பெயரும் வைத்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் போக்குவரத்து நெரிசல்தான் அவரை அப்படி யோசிக்க வைத்தது. அதாவது, இந்த யோசனையின் முதல் நோக்கம் ஊர் சுற்றுவது கிடையாது. தினசரி அலைச்சலைக் குறைப்பது!

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்டு 15-ம் தேதி, வி.எஸ்.என்.எல். மூலமாக. அதற்குப் பிறகும் ஆபீஸ் என்றால் ஆபீஸ்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும்தான் லட்சக்கணக்கானவர்கள் வீட்டுத் திண்ணையிலும் மாடியறையிலும் உட்கார்ந்து வேலை பார்க்கத் தொடங்கினார்கள். கால் சென்டர் போன்ற நிறுவனங்கள் ஆட்களை வீட்டிலிருந்து வேலை வாங்குவதற்கு இருந்த நிபந்தனைகளை மத்திய தொலைத்தொடர்புத் துறை அதே ஆண்டு நவம்பரில் பெருமளவு தளர்த்தியது. எஸ்தோனியா நாடோ 2020 ஆகஸ்டிலேயே, வெளிநாட்டு வேலையைத் தன் நாட்டில் இருந்துகொண்டு செய்பவர்களுக்கென்று தனி விசாவே கொண்டுவந்துவிட்டது.

காவலூர் சொல்லும் பாடம்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறினால் காவலூர். இருட்டான வானத்தைத் தேடி வந்த வைணு பாப்பு இங்கே ஒரு வானாய்வு நிலையத்தை உருவாக்கினார். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கி, 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து, 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இயங்கத் தொடங்கியது. பெரிய தொலைநோக்கிக்கும் நிலையத்துக்கும் பாப்புவின் பெயரையே வைத்தார்கள்.

1977 மார்ச் 10-ம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தது. அதைப் பார்க்க அமெரிக்க விஞ்ஞானிகள் தொலைநோக்கி பொருத்திய விமானத்தில் இந்துமாக்கடல் மேல் பறந்தார்கள். காவலூரில் நம்மவர்கள் ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு விழித்திருந்தார்கள். கிரகம் மறைப்பதற்கு முன்பே நட்சத்திர ஒளி விட்டுவிட்டு மங்கியதை இரு தரப்பும் பதிவு செய்தன. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அப்படித்தான் தெரியவந்தது. அன்றைக்கு அந்த வேலைக்கு ஆள் அங்கே போய்த்தான் ஆக வேண்டும்.

இப்போது அதே நிறுவனத்தின் இன்னொரு கதையைப் பாருங்கள். காவலூரை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம், லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், கடல் மட்டத்திலிருந்து 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை வைத்திருக்கிறது. அங்கே காற்றழுத்தம் நம் ஊரைப் போல ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியையும் தாண்டி இறங்கும். ஆனால் விஞ்ஞானிகள் அந்தக் குளிரில் நடுங்க வேண்டியதில்லை. பெங்களூர் அருகே ஹோஸ்கோட்டேயில் உள்ள மையத்தில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் இணைப்பு வழியாகத் தொலைநோக்கியை இயக்குகிறார்கள். ஊரடங்குக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்பே தொடங்கிய தொலைதூர வேலை இது!

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ஹோஸ்கோட்டேயில் ஒருவர் நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடிகிறது என்றால், ஹான்லேயில் பொறியாளர்களும் டெக்னீஷியன்களும் தங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கரண்டு, ஆன்டெனா, மோட்டார், கருவிகளின் பராமரிப்பு எல்லாம் அவர்கள் கையில். ஒருவருடைய வேலை நகர வேண்டுமானால் இன்னொருவர் நகராமல் இருக்க வேண்டும். நம்மில் பலர் அந்த இன்னொருவராகத்தான் வேலைக்குச் சேரப்போகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

மூன்று கணக்குகள்

2021-ல் என் பெரியம்மா மகன் சென்னைக் கம்பெனி வேலையைத் தூக்கிக்கொண்டு ஜமுனாமரத்தூர் பக்கம் உறவினர் வீட்டுக்கு வந்தான். இரண்டு நாள் சொர்க்கம். மூன்றாம் நாள் மத்தியானம் மழை. கரண்டு போனது, கொஞ்ச நேரத்தில் செல்போன் டவரும் படுத்தது. "ஆளையே காணோம்" என்று மேனேஜர் தேட, அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு போளூருக்கு இறங்கினான். பிறகு அந்த ஊர் ஒயர்மேன் அண்ணனின் உதவியோடு இன்வெர்ட்டர் வைத்து, இரண்டு கம்பெனி சிம்மும் வாங்கி, இரண்டு மாதம் அங்கேயே ஓட்டினான். அவன் கேட்டுக்கொண்டதால் நான் போட்டுக் கொடுத்த கணக்குகள் இவை.

1. கரண்டு கணக்கு: லேப்டாப் 50 வாட், ரூட்டர் 10 வாட், எல்.ஈ.டி. பல்பு 10 வாட். ஆக 70 வாட். 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-ஹவர். லெட்-ஆசிட் பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, மிச்சம் 600. இன்வெர்ட்டரில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்தால் 480. அதை 70-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6 மணி 50 நிமிடம். இதே கீழே ஊரில் என்றால் 30 வாட் ஃபேனும் சேரும். 4 மணி 48 நிமிடம்தான் வரும். மலைக்காற்று இலவசமாக இரண்டு மணி நேரம் தருகிறது!

2. லைன் கணக்கு: விளம்பரத்தில் சொல்வது பெரும்பாலும் இறங்கும் வேகம். நமக்கு வேண்டியது ஏறும் வேகமும்தான். 200 மெகாபைட் டிராயிங் ஃபைல் ஒன்றை அனுப்ப வேண்டும். ஏறும் வேகம் நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைட்டுக்கு 8 பிட். எனவே 1,600 மெகாபிட். அதை 2-ஆல் வகுத்தால் 800 நொடி, அதாவது 13 நிமிடம் 20 நொடி. நடுவில் லைன் அறுந்தால் பல சமயம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

3. தாமதக் கணக்கு: பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. சிக்னல் ஏறி இறங்க 71,572 கி.மீ. ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கி.மீ. என்பதால், ஒரு திசைக்கு 0.24 நொடி, பதில் வந்து சேர்வதற்குள் அரை நொடி. தொலைநோக்கியைத் திருப்பவும் படம் எடுக்கவும் இது ஒரு பொருட்டல்ல. இரண்டு பேர் பேசினால், ஒருவர் பேச்சில் இன்னொருவர் மோதிக்கொண்டே இருப்பார்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். 250 கி.மீ. கேபிளில் போய்த் திரும்ப 2.5 மில்லி நொடிதான். நடுவில் உள்ள கருவிகள் சேர்ப்பது தனி. ஆகவே வேகம் வேறு, தாமதம் வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

எந்த வேலை நகரும்?

நம் நான்கு பிரிவுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். சிவில் மாணவர் பிளானும் எஸ்டிமேட்டும் மலையில் இருந்து போடலாம். கான்கிரீட் போடும்போது சைட்டில்தான் நிற்க வேண்டும். மெக்கானிக்கல் மாணவர் கேட் டிராயிங் செய்யலாம். லேத்தில் ஏற்றி அளவு பார்ப்பதைப் போனில் செய்ய முடியாது. எலக்ட்ரானிக்ஸ் மாணவர் பி.எல்.சி. புரோகிராமை எங்கிருந்தும் எழுதலாம். அது முதன்முதல் மெஷினில் ஓடும்போது பக்கத்தில் எமர்ஜென்சி ஸ்விட்சில் கை வைத்து ஒருவர் நின்றே ஆக வேண்டும். எலக்ட்ரிக்கலில் தென் மாநிலங்களின் மின் தொகுப்பைப் பெங்களூரில் உள்ள மண்டல மையம் திரையில் பார்த்து வழிநடத்துகிறது. ஆனால் ஜம்பர் அறுந்தால் கம்பத்தில் ஏறுவது லைன்மேன் அண்ணன்தான்.

எனவே "இந்த வேலை நகருமா?" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். உங்கள் வாரத்தில் எத்தனை மணி நேரம் திரையில், எத்தனை மணி நேரம் கையில் என்று பிரித்து எழுதிப் பாருங்கள். கை வேலையை ஒரே வாரத்தில் சேர்த்து முடிக்க முடிந்தால், மற்ற மூன்று வாரம் உங்களுடையது.

கிளம்புவதற்கு முன் சில வார்த்தைகள்

முதலாவது, ஆபீசில் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். சொல்லாமல் போய்விட்டு, மழைச் சத்தத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். இரண்டாவது, டீக்கடை வைஃபையில் கம்பெனி ஃபைலைத் திறக்காதீர்கள். மூன்றாவது, ஓடிக்கொண்டே இருக்காதீர்கள். மாதத்தில் பத்து இடம் மாறினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை நாள் என்றாலும் ஐந்து நாள் பஸ்ஸிலேயே போய்விடும். ஒரே ஊரில் ஒரு மாதம் தங்கினால் நான்கு ஞாயிற்றுக்கிழமை மிச்சம்: ஒன்றில் பீமன் மடவு அருவி, ஒன்றில் கோமுட்டேரி, ஒன்றில் காவலூர், ஒன்றில் சந்தை. நிறைய ஊர் பார்க்க ஆசைப்படுபவன் மெதுவாகத்தான் நகர வேண்டும்!

மலையின் பக்கம் நின்று பார்த்தால்

இதுவரை கீழே இருந்து மேலே போகிறவனின் கணக்கு. மேலே இருப்பவர் கணக்கு வேறு. ஜவ்வாது மலையின் மலையாளி மக்கள் சாமை விதைக்கிறார்கள். புளி, தேன், பலா எடுக்கிறார்கள். அது ஆண்டு முழுவதற்கும் போதாதபோது, வீட்டைப் பூட்டிக்கொண்டு கேரளாவுக்கும் கர்நாடகத்துக்கும் கூலி வேலைக்கு இறங்குகிறார்கள். நமக்குப் பயணம் ஆசை. அவர்களுக்கு அது கட்டாயம். பிள்ளைகளின் படிப்பும் அந்தப் பயணத்தோடு போய்விடுகிறது.

நகரத்து இளைஞனை மலைக்குக் கொண்டுவரும் அதே கேபிளும் அதே பேட்டரியும், மலையில் பிறந்து டிப்ளமோ படித்தவனை மலையிலேயே இருக்கவும் விடலாம் அல்லவா? தென்காசி அருகே மத்தளம்பாறை கிராமத்தில் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் வைத்து மென்பொருள் வேலை நடத்துகிறது. கிராமத்தில் உட்கார்ந்து உலகத்துக்கு வேலை செய்ய முடியும் என்பதற்கு அது கண்கூடான சாட்சி. சாமைக்கும் புளிக்கும் ஈடாக இதைச் சொல்லவில்லை. ஊரை விட்டுப் போவதும் போகாமல் இருப்பதும் அவரவர் விருப்பமாக இருக்கட்டும் என்கிறேன். உண்மையான பயணச் சுதந்திரம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

நம் யூனியனுக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். அடுத்த என்.எஸ்.எஸ். முகாமை மலைக் கிராமங்களில் நடத்துவோம். மரம் நடுவதோடு, ஏழு நாளும் மணிக்கு ஒருமுறை வோல்டேஜ், கரண்டு இருந்த நேரம், சிக்னலின் ஏறும் வேகம், இறங்கும் வேகம், தாமதம் ஆகியவற்றைக் குறித்து அட்டவணை போடுவோம். மல்டிமீட்டரும் ஒரு செல்போனும் ஒரு நோட்டும் போதும். அந்த அட்டவணையின் ஒரு பிரதியைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கொடுப்போம். "எங்கள் ஊருக்கு லைன் வேண்டும்" என்று மனு எழுதுகிறவர்களுக்கு அது கையில் ஒரு ஆதாரமாக இருக்கும். மலையில் தங்கி வேலை செய்ய ஆசைப்படும் நண்பர்களும் அதைப் பார்த்துவிட்டே பெட்டியைக் கட்டலாம்!