பாலாற்றங்கரையில் மின்கிட்டார்

நுழையும்முன்

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என இசைக்கருவிகளை வகைப்படுத்துவது நம் மரபு. இருபதாம் நூற்றாண்டில் நரம்புக்கருவி ஒன்று மின்சாரத்தைத் துணைகொண்டது. அக்கருவி அமெரிக்காவில் பிறந்த வகையையும், நம் மண்ணின் இசையை ஏற்ற வகையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என நீளும் பாலாற்றுப் படுகை ஊர்களைத் தோல்தொழிலின் பெயரால் அறியாதவர் இலர். ஆவாரம்பட்டை ஊறிய நீரில் பதனிட்ட தோல் இங்கிருந்து கடல் கடந்தது; பின்னர்க் குரோமியப் பதனிடுதலும் காலணித் தொழிற்சாலைகளும் வந்தன. காலணிக்கு உதவும் இத்தோல் மிருதங்கத்திற்கு உதவாது. பதனிட்ட தோல் குழைந்துவிடும். மயிர் நீக்கி உலர்த்திய பதனிடாத தோலே விறைத்து நின்று முழங்கும்.

விறைத்த தோல் அகன்ற பரப்புடையது. ஆதலின் ஒரே தட்டில் பெருமளவு காற்றை அசைக்கிறது. கம்பியோ மெல்லியது. அதன் அதிர்வைக் காற்றிடம் சேர்க்க ஒரு மரக்குடம் வேண்டும். வீணையின் குடமும் கிட்டாரின் வயிறும் அதற்காகவே அமைந்தவை. இருந்தும் முரசோடும் பித்தளை ஊதுகருவிகளோடும் கிட்டாரால் போட்டியிட இயலவில்லை. 1920களின் அமெரிக்க இசைக்குழுக்களில் கிட்டார் கலைஞர் வாசிப்பது அவையோர்க்குக் கேட்பதே அரிதாயிற்று. மின்கிட்டார் இந்தக் குறையிலிருந்து பிறந்தது.

காந்தப்புலம் மாறும்போது கம்பிச்சுருளில் மின்னோட்டம் தோன்றும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். சரியாக நூறாண்டு கழித்து, ஜார்ஜ் போஷாம்ப் என்னும் கிட்டார் கலைஞர் அந்த உண்மையை இசைக்குப் பயன்படுத்தினார். எஃகுக் கம்பிகளின் அருகே காந்தமும், ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய நுண்ணிய செப்புக்கம்பியும் அமைந்த பகுதிக்குப் பிக்கப் என்று பெயர். கம்பி அதிர, காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மெல்லிய மின்னோட்டம் எழுகிறது. ஆம்ப்ளிஃபையர் அதனைப் பெருக்க, ஸ்பீக்கர் ஒலியாக்குகிறது. பிக்கப் காற்றின் ஒலியை வாங்குவதில்லை. எஃகின் அசைவையே வாங்குகிறது. ஆகவே, நைலான் நரம்பு பூட்டினால் அது ஊமையாகிவிடும்.

அடால்ஃப் ரிக்கன்பாக்கரின் துணையோடு 1932இல் அலுமினியத்தில் வார்த்து விற்பனைக்கு வந்த அக்கருவியை, அதன் வடிவம் கருதி ‘வாணலி’ என்றே மக்கள் அழைத்தனர். மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய்க் கிட்டார் அது. காப்புரிமை 1937இல்தான் கிடைத்தது.

உள்ளீடற்ற கிட்டாரில் பிக்கப்பைப் பொருத்தியபோது புதிய இடர் தோன்றியது. ஸ்பீக்கரின் ஒலி மரக்குடத்தை மீண்டும் அதிரவைக்க, அரங்கமெங்கும் ஊளை எழுந்தது. ஒலி எழுப்பும் பொறுப்பு மின்சாரத்திற்கு மாறிவிட்டபின் குடம் எதற்கு? உள்ளீடுள்ள கட்டைமரமே போதும் என்று லெஸ் பால் முதலியோர் உணர்ந்தனர். வானொலிப் பெட்டி பழுதுபார்த்துவந்த லியோ ஃபெண்டர் 1950இல் கட்டைமரக் கிட்டாரைப் பெருமளவில் விற்கத் தொடங்கினார். 1952இல் கிப்சன் நிறுவனத்தின் ‘லெஸ் பால்’, 1954இல் ஃபெண்டரின் ‘ஸ்ட்ராட்டோகாஸ்டர்’ வெளிவந்தன. ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது சுவையான செய்தி.

தெரிந்து தெளிவோம்

ஒற்றைச் சுருள் பிக்கப், அருகிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். எதிரெதிராகச் சுற்றிய இரு சுருள்களை இணைத்து அவ்விரைச்சலை ஒன்றையொன்று அழிக்கச் செய்தார் சேத் லவர். இவர் கிப்சன் நிறுவனப் பொறியாளர், ஆண்டு 1955.

மேலை இசைக்கு உருவான இக்கருவி கருநாடக இசைக்குப் பொருந்துமா? ஐயம் நியாயமானதே. நம் இசையின் உயிர் கமகத்தில் இருக்கிறது. சுரம் நின்ற இடத்தில் நில்லாமல் அசையவும் வளையவும் வேண்டும். மெட்டுகள் பதித்த கருவியில் அதற்கு ஒரு வழி, வீணையில் செய்வதுபோலக் கம்பியை மெட்டின்மேல் இழுத்து வளைப்பது. ஆனால், சாதாரணக் கிட்டாரில் கம்பி வளைந்து முடிவதற்குள் நாதம் தேய்ந்துவிடுகிறது. மின்கிட்டாரில் மெல்லிய கம்பி எளிதில் வளைகிறது; ஆம்ப்ளிஃபையர் நாதத்தை நீட்டித்துத் தருகிறது. ஒலியைப் பெருக்குவதற்காகக் கண்டறிந்த வழி, கமகத்திற்கும் இடம் தந்துவிட்டது. மின் மாண்டலினில் இதனை மெய்ப்பித்தவர் உ. ஸ்ரீநிவாஸ் (1969 - 2014). இரட்டைக் கம்பிகளை விலக்கி, ஐந்து ஒற்றைக் கம்பிகளைப் பூட்டிக்கொண்டார் அவர்.

கிட்டாரில் இதனைச் செய்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் பிரசன்னா. இவர் 1970இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கப்பல் கட்டுமானப் பொறியியல் பயின்றார். பின்னர்ப் பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக் கல்லூரியில் கற்றார். வயலின் கலைஞர் அ. கன்யாகுமாரியிடமும் இவர் பாடம் கேட்டவர். கிட்டாரைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தால் மரபு கெடும் என்று அஞ்சுவோர், அவ்வயலினே ஐரோப்பாவிலிருந்து வந்ததை மறந்துவிடுகின்றனர். முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் அதனைக் கற்று நம் இசைக்கு உரியதாக்கினார்.

முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைப் பிரசன்னா கிட்டாரில் வாசித்து வெளியிட்டுள்ளார். ஆஸ்கர் விருது பெற்ற ‘ஸ்மைல் பிங்கி’ ஆவணப்படத்திற்கு இசையமைத்தவரும் இவரே. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்னும் அமெரிக்கக் கிட்டார் கலைஞரை நினைவுகூர்ந்து 2006இல் இவர் வெளியிட்ட தொகுப்பு ‘எலக்ட்ரிக் கணேஷாலேண்ட்’. அதில் இவருடைய மின்கிட்டாருக்கு ஈடுகொடுத்து ஒலிப்பவை, பதனிடாத தோல் போர்த்திய நம் தென்னிந்தியத் தாளக் கருவிகள்.